கல்லின் பின்பக்கம்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

பெல்லமி கல்லூரியில் பதிவாளராகச் சேர்ந்து இன்றோடு ஐந்து வாரம். பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு ஓய்வு ஒத்துவரவில்லை. சமையலறை டப்பாக்களுக்கு நம்பர் போட ஆரம்பித்தேன். நான்காவது டப்பாவில் வைஜயந்தி பொறுமை இழந்து, இந்த வேலைக்கு அவளே விளம்பரம் பார்த்து என்னை அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் சிரிப்புதான் வந்தது. மொத்தமே நூற்றறுபது மாணவர்கள். புனேயில் கோர்படி ரயில்வே காலனியை ஒட்டி ஆறு ஏக்கர், தகரக் கூரை போட்ட ஒரு கல் கிறிஸ்தவக் கோவில், ஓட்டு வகுப்பறைகள். தண்டவாளத் துண்டு ஒன்றை வேப்பமரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுதான் மணி. ரயில் போகும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்திவிடுகிறார். ரயில் போனதும் விட்ட இடத்தில் எடுக்கிறார். யாரும் அலுத்துக்கொள்வதில்லை. இப்போது வீட்டில் மிக்ஸி ஓடினால் நானும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன்.

காலை ஏழரைக்கு எல்லாருக்கும் அரை மணி நேர வேலை. முதல்வர் சால்வே மேடம் திங்கள்தோறும் கழிப்பறை கழுவுகிறார். போட்டோ எடுக்க ஆளில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. எங்கள் ஆபீசில் ஒரு மரக்கன்று நட்டதற்கு நாலு போட்டோகிராபர் வந்தது ஞாபகம் வந்தது.

மேடம் இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கல்லூரி இணையதளத்துக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். வரலாறு, நோக்கம், வளாகம். ஆங்கிலத்தில் போதும். ஆங்கிலம் என்றதும் எனக்கு உயிர் வந்தது.

8 ஆகஸ்ட், வியாழன்

வைஜயந்தி சென்னையில் மகள் ஸ்ரீரஞ்சனி வீட்டில் இருக்கிறாள். இன்று காலை முகமெல்லாம் சோப்பு, குழாயில் காற்று. வியாழக்கிழமை தண்ணீர் வராது என்று எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்காரர்கள் இரண்டு நாள் முன்பே மராத்தியில் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். நான் அதை மடித்துப் பால் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருந்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன்.

எனக்கு நானே எழுதிக்கொள்வதில் என்ன மறைப்பு? எனக்கு இந்த ஊர் எழுத்து படிக்க வராது.

கும்பகோணத்தில் படித்த பள்ளியில் இந்தி இல்லை. 1990இல் புனே வந்தேன். மராத்தி பேச்சு காதாலேயே வந்துவிட்டது. காய்கறிக்காரியோடு சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்கு வரும். எழுத்துதான் வரவில்லை. இந்திக்கும் அதே எழுத்துதான், ஆபீசில் இந்திப் பரீட்சை கட்டாயம் என்றார்கள். ஒரு கடிதத்தையும் ஒரு கட்டுரையையும் படம் வரைவதுபோல் மனப்பாடம் செய்து எழுதிப் பாஸ் ஆகி, பரிசு வேறு வாங்கினேன். மறு மாதமே எல்லாம் போச்சு. பஸ்ஸில் நம்பர்கூட நம் நம்பராக இருக்காது, அதுவும் அந்த எழுத்திலேதான். யாராவது காகிதத்தை நீட்டினால், “கண்ணாடி மறந்துட்டேன், நீங்களே படிச்சுச் சொல்லுங்க” என்பேன். கண்ணாடி வருவதற்கு முன்பிருந்தே சொல்லும் பொய் இது. வைஜயந்தி ஒருத்திக்குத்தான் தெரியும். மும்பைப் பக்கம் கல்யாண் ஊரில் வளர்ந்தவள். பால்காரர் சீட்டு முதல் ரேஷன் அட்டை வரை அவள்தான் படிப்பாள்.

19 ஆகஸ்ட், திங்கள்

பழைய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பக்கத்துக்கு வேண்டிய சரக்கு அதில்தான் இருக்கிறது. ஐந்தாம் விதியை அப்படியே தமிழில் எழுதிவைத்துக்கொள்கிறேன்:

‘இங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு மாணவரும், தான் வாழும் ஊரின் எழுத்தைப் படிக்கத் தெரியாத வயது வந்த ஒருவருக்கு நூறு மணி நேரமாவது கற்பித்திருக்க வேண்டும். அவர் பெயர் நவம்பர் முப்பதுக்குள் பதிவாக வேண்டும்.’

படிப்பு முடியும்போது ‘பெயர் அழைப்பு’ என்று ஒரு நிகழ்ச்சி. மாணவரை மேடைக்குக் கூப்பிடுவது முதல்வர் இல்லை, பிஷப்பும் இல்லை. அந்த மாணவரிடம் எழுத்துக் கற்றவர்தான் கூப்பிட வேண்டும். பெயரை யாரும் மனப்பாடமாகச் சொல்லிவிடக்கூடும் என்பதால், பெயருக்குக் கீழே மாணவர் தன் கையால் ஒரு வரி எழுதியிருப்பார். அட்டையை மேடையில்தான் கொடுப்பார்கள். தடுமாறினால் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சபை வாய் திறக்காது.

போன வருடம் ஒரு கொத்தனாருக்கு நாலு நிமிடம் ஆனதாம். நடுவில் ரயில் வந்ததால் அதற்காகவும் நிறுத்தினாராம். முந்நூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை என்றார் மேடம். அட்டையில் இருந்த வரி: ‘நான் தூங்கும் அறையின் சுவரைக் கட்டியவர் இவர்.’

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை பட்டமளிப்பு விழாக்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசாவுக்குக் காத்திருந்திருக்கிறேன்! பெரிய கல்லூரிகள் கட்டடத்தைக் காட்டுகின்றன. இந்தச் சின்னக் கல்லூரி எழுபத்தெட்டு வருடமாக ஓசைப்படாமல் ஊரையே படிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்துக்கு நான் பதிவாளர்! அதை நினைத்தால்தான் உறுத்துகிறது.

2 செப்டம்பர், திங்கள்

பக்கத்தை எழுதி மேடத்திடம் கொடுத்தேன். கோவில் வாசலில் ஒரு கருங்கல் நிற்கிறது. முன்பக்கம் ஆங்கிலம்: ‘இக்கல்லூரியை ரெவரெண்ட் தாமஸ் பெல்லமி 1946இல் நிறுவினார்.’ அதை வைத்து வரலாற்றை ஆரம்பித்திருந்தேன். பின்பக்கம் மராத்தியில் ஏழு வரி. அரசாங்கப் பலகை மாதிரி ஒன்றையே இரண்டு மொழியில் வெட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மேடம் படித்தார். “ஆங்கிலம் அழகு. கல்லின் பின்பக்கம் படித்தீர்களா?” என்று கேட்டார்.

“படிச்சேன் மேடம்” என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அப்படியானால் இந்தப் பக்கத்தை இன்னொரு முறை எழுதுங்கள். அவசரமில்லை.”

அறுபது வயதில் பொய். அதுவும் கோவில் வாசலைப் பற்றி.

3 செப்டம்பர்

கல்லை போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பில் போட்டேன். பாசியும் வெடிப்புமாக இருக்கும் பழைய எழுத்து. ‘மாமியார் தண்டவாளம் மூன்று வெல்லம்’ என்கிறது போன்.

வாட்ச்மேனிடம் கேட்டேன். சிரித்தார். கல்லின் பின்பக்கத்தை யாருக்கும் யாரும் படித்துச் சொல்வதில்லையாம், அதுதான் இங்கே வழக்கமாம். படிக்கக் கற்றவர்களுக்குக் கடைசிப் பாடமே அந்தக் கல்தானாம். அவரும் அதைப் படித்துத்தான் முடித்தாராம்.

வாட்ச்மேன் படித்துவிட்டார்.

11 நவம்பர், திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து திறந்த முதல் நாளே ஒரு சிக்கல். மூன்றாம் வருட மாணவி மிஸ்பா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மேலப்பாளையம் கரீமின் மகள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவாள்.

“சார், சாந்தாபாய் போயிட்டாங்க. அவங்க சைட் வேலை முடிஞ்சு எல்லாரையும் டிரக்ல நாசிக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். போன் அடிக்குது, மருமவ எடுக்க மாட்டேங்கா.”

சாந்தாபாய் இவளிடம் கற்றுக்கொண்டிருந்த சித்தாள். நாற்பது மணி நேரம் முடிந்திருந்தது.

“வேற ஆள் கிடைக்கலையாம்மா?”

“மூணு பேர்ட்ட கேட்டேன் சார். ஒருத்தங்களுக்கு நைட் டூட்டி. ஒருத்தங்க வீட்ல விடல. இன்னொருத்தங்க, மத்லப்... அதாவது, வெக்கப்படுதாங்க.”

பல்கலைக்கழகப் பட்டம் எப்படியும் வந்துவிடும். ஆனால் கல்லூரிச் சான்றிதழ் இல்லாமல் இங்குள்ள ஆசிரியர் பயிற்சியில் சேர முடியாது. இவளுக்கு வேண்டியது அதுதான். வேறு எங்கும் விண்ணப்பிக்கவே இல்லை. “இங்க சொல்லிக்குடுக்குற மாதிரி வேற எங்கயும் சொல்லிக்குடுக்கல சார்” என்றாள்.

விதிவிலக்குக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தாள். நான் அதன் மேல் குறிப்பு எழுதினேன்: ‘ஐந்தாம் விதியில் இதுவரை யாருக்கும் விலக்கு அளித்ததில்லை. நிராகரிக்கலாம்.’ கையெழுத்து. தேதி. முத்திரை.

முத்திரை குத்தும்போது கை சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு.

18 நவம்பர், திங்கள்

மனு மேடத்திடமிருந்து திரும்பி வந்தது. ‘பதிவாளர் சொல்வது சரி’ என்று எழுதி, அதன் கீழே மராத்தியில் இரண்டு வரி. மிஸ்பா எதிரே நிற்கிறாள். அவளிடம் காகிதத்தை நீட்டி வழக்கம்போல், “கண்ணாடி மறந்துட்டேன்மா, நீயே படிச்சுச் சொல்லு” என்றேன்.

அவள் படித்தாள். “முப்பதாம் தேதி வரை ஆள் தேடட்டும், நானும் தேடுகிறேன்னு எழுதியிருக்காங்க சார்.”

படித்துவிட்டு அங்கேயே நின்றாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“சார், ஒங்க கண்ணாடி பாக்கெட்லதான இருக்கு.”

என் கை தானாகப் பையை மூடிக்கொண்டது. அவள் மேலே கேட்கவில்லை. குட் ஈவினிங் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

19 நவம்பர்

‘தான் வாழும் ஊரின் எழுத்தைப் படிக்கத் தெரியாத வயது வந்த ஒருவர்.’ நானே தமிழில் எழுதிய வரி. ஆகஸ்டு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என்னையே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

20 நவம்பர், புதன்

முடியாது. பியூன் முதல் பிரின்சிபால் வரை சிரிப்பார்கள். முந்நூறு பேர் முன்னால் மேடையில் ஏறி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி — நானா? கையில் காகிதத்தோடு வந்தவர்களை எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறேன்!

இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு யாராவது கிடைப்பார்கள்.

கிடைக்காவிட்டால்?

26 நவம்பர், செவ்வாய்

கிடைக்கவில்லை. இன்று காலை பெருக்கும் நேரத்தில் வேப்பமரத்தடியில் துடைப்பத்தோடு இருந்தாள். “ஆள் கெடச்சுதா?” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பெருக்கிக்கொண்டே போனாள். முகத்தில் என் மேல் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். “மேடம், ஐந்தாம் விதியில் பதிவாளருக்கு விலக்கு உண்டா?” என்று கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முழுதும் சொன்னேன். இந்திப் பரீட்சைப் பரிசு வரைக்கும். செப்டம்பரில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

மேடம் சிரிக்கவில்லை. “தெரியும்” என்றார். “பின்பக்கத்தைப் படித்தவர் யாரும் அந்த முதல் வரியை அப்படி எழுதமாட்டார்கள்.” பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “பதிவாளருக்கு விலக்கு என்று எங்கும் இல்லை, சுந்தரராமன். இன்னும் நாலு நாள் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள்” என்றார்.

பதிவேட்டை நான்தான் வைத்திருக்கிறேன். என் பெயரை நானே எழுதினேன், ஆங்கிலத்தில். வேறு எப்படி?

வீட்டில் சொன்னேன். வைஜயந்தி சப்பாத்தி மாவைப் பிசைவதை நிறுத்தினாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஏன்னா, முப்பத்திமூணு வருஷமா நான் படிச்சுக் காட்டிண்டிருக்கேன். ஒரு நாளாவது எனக்குச் சொல்லிக் குடுடின்னு கேட்டேளா?”

ஒரு நாளும் கேட்டதில்லை.

2 டிசம்பர், திங்கள்

முதல் பாடம். இங்கே அரிச்சுவடியில் ஆரம்பிப்பதில்லை. கற்பவருக்கு எது தேவையோ அதுதான் முதல் பாடம்.

“என்ன படிக்கணும் சார்?” என்றாள் மிஸ்பா.

“சொசைட்டி நோட்டீஸ்.”

சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமையும் சேர்த்து தினமும் மாலை நாலு முதல் ஐந்து வரை, என் அலுவலகத்திலேயே. கதவைச் சாத்தப் போனேன். “வேண்டாம் சார், சாத்துனா நீங்க வெக்கப்படுதீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். தொறந்திருந்தா யாரும் பாக்கவே மாட்டாங்க.” கெட்டிக்காரி.

அவள் சொன்னபடியே யாரும் பார்க்கவில்லை. பியூன் டீ வைத்துவிட்டுப் போனான், நாளையிலிருந்து பிஸ்கட்டும் உண்டு என்று சொல்லி.

24 டிசம்பர், செவ்வாய்

கோவிலில் கிறிஸ்துமஸ் பாட்டு. மராத்திப் பாட்டுப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. மூன்று வார்த்தை பிடித்தேன். நாலாவதைப் பிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. ஆனால் மூன்று!

20 ஜனவரி 2025, திங்கள்

கூட்டெழுத்துகள் கொல்கின்றன. ஒரு எழுத்தின் தோளில் இன்னொன்று ஏறிக்கொள்கிறது. இன்று எரிச்சலில் பென்சிலைத் தூக்கிப் போட்டேன். மிஸ்பா எடுத்துச் சீவிக் கையில் கொடுத்தாள். “சாந்தாபாயும் போட்டாங்க சார். அவங்க ஜன்னலுக்கு வெளிய போட்டாங்க.”

7 பிப்ரவரி, வெள்ளி

பஸ் நம்பர் தூரத்திலேயே தெரிந்தது. யாரையும் கேட்காமல் ஏறினேன். கண்டக்டருக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை.

24 மார்ச், திங்கள்

ரமலான் மாதம். நோன்போடு வந்து ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசுகிறாள். நான் டீயை நிறுத்திவிட்டேன். “நீங்க குடிங்க சார், எனக்கு ஒண்ணுமில்ல” என்கிறாள். குடிக்க மனம் வரவில்லை.

இன்று என்னைக் கல்லின் பின்பக்கம் அழைத்துப் போனாள். தான் படிக்காமல் கோவில் படியில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். ஏழு வரிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. யாருக்கும் சொல்லக் கூடாது என்பது வழக்கம். எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

‘ரயில்வே காலனி தாராபாயிடம், போருக்குப் போன மகன் எழுதிய மூன்று கடிதங்கள் இருந்தன. இரண்டு வருடம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். படித்துக் காட்டுகிறேன் என்றார் பாதிரியார். எனக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டாம், படிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்றாள் அவள். இந்தக் கல்லூரியைத் தொடங்கியவள் தாராபாய். பெல்லமி அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் மட்டுமே.’

பெல்லமி தானே வெட்ட வைத்த வரிகளாம். முன்பக்கம் சர்க்காருக்கு, பின்பக்கம் படிக்கக் கற்றவர்களுக்கு.

கல்லில் கை வைத்துக்கொண்டு அழுதேன். ரயில் ஒன்று வந்தது. மிஸ்பா அது போகும்வரை கிழக்கே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

26 மார்ச்

இணையதளப் பக்கத்தை மறுபடி எழுதினேன். பெல்லமி நிறுவினார் என்ற வரியை எடுத்துவிட்டேன். கடைசி வரி: ‘எங்கள் வரலாறு கோவில் வாசலில் நிற்கும் கல்லின் பின்பக்கம் இருக்கிறது. நேரில் வந்து படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் வாருங்கள்.’

மேடம் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

12 ஏப்ரல், சனி

பெயர் அழைப்பு. நாளை குருத்தோலை ஞாயிறு என்பதால் கோவில் வாசலில் ஓலை குவிந்திருந்தது. கற்றவர்களுக்கு முதல் வரிசை. எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்டோக்காரர், அந்தப் பக்கம் மீன் விற்கும் அம்மா. “பயமா இருக்கா?” என்று மராத்தியில் அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். “எனக்கும்தான்” என்று ஒரு வெற்றிலையைக் கிள்ளிக் கொடுத்தார்.

என் முறை வந்தது. மேடம் அட்டையைக் கொடுத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் பெயர். ‘மிஸ்பா கரீம், கசார்வாடி.’ அவள் பெயரின் கூட்டெழுத்தை நூறு முறை எழுதியிருக்கிறேன், தடங்கலில்லை. அடுத்து அவள் எழுதிய வரி. முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது கூட்டெழுத்து. அது ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சபையில் சத்தமே இல்லை. கேட்ட இரண்டு வார்த்தையிலேயே வைஜயந்திக்கு மூன்றாவது புரிந்திருக்கும், உதட்டை அசைத்தால் போதும். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுத்தெழுத்தாகப் பிடித்துப் போனேன். உரக்க வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பதே எனக்குப் புரிந்தது:

‘இவர் இன்று கண்ணாடியை மறக்கவில்லை.’

மேடம்தான் முதலில் சிரித்தார். பிறகு கோவிலே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. மிஸ்பா மேடைக்கு ஓடி வந்தாள். பின்வரிசையில் கரீம் பாய் எழுந்து நின்று கைதட்டினார்.

சான்றிதழ் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சியில் அவளுக்கு இடமும் உறுதி. பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இந்த முறை ஆங்கிலத்தில் போடவில்லை.

பஸ்ஸில் வைஜயந்தி சொன்னாள்: “ஒன்றரை நிமிஷம். கொத்தனாரை ஜெயிச்சுட்டேள்.”

16 ஏப்ரல், புதன்

சாயங்காலம் கதவிடுக்கில் சொசைட்டி நோட்டீஸ் வந்து விழுந்தது. வைஜயந்தி எடுத்தாள். படித்துச் சொல்லப்போகிறாள் என்று பேப்பரை மடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் அதைப் பிரிக்காமலே என் காபி தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாளை காலை தண்ணீர் வராதாம். டிரம்மை நிரப்பிவைத்தேன்.